ஒத்ததிர்வுக் குழாயில் ஒலியின் வேகம் குறைவாக வருகிறதா?

டீச்சர், 512 ஹெர்ட்ஸ் இசைக்கவைக்கு (ட்யூனிங் ஃபோர்க்), குழாயில் தண்ணீருக்கு மேலுள்ள காற்றின் நீளம் 16 செ.மீ. ஆனபோது ஒத்ததிர்வு, அதாவது பலத்த சத்தம், கேட்டது, அது கால் அலைநீளம் என்று நான்கால் பெருக்கிக் கணக்குப் போட்டால் ஒலியின் வேகம் நொடிக்கு 328 மீட்டர்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அளவில் தப்பில்லை.

குழாய்க்குள் அதிரும் காற்று விளிம்போடு நின்றுவிடாது, வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் நீளும். அந்த நீட்சி உள்விட்டத்தில் சுமார் 0.3 பங்கு. உங்கள் குழாயின் உள்விட்டம் 3 செ.மீ. என்பதால் 0.9 செ.மீ. சேருங்கள். 16.9ஐ வைத்துப் போட்டால் 346. அறை வெப்பம் 25 டிகிரி என்கிறீர்களே, அதற்கு இதுதான் சரி.

ஆனால் பிள்ளைகளிடம் "0.9 கூட்டிக்கோ" என்றால் ஏமாற்று வேலை மாதிரிதான் தெரியும். தண்ணீரை இன்னும் இறக்கி இரண்டாவது ஒத்ததிர்வையும் பிடிக்கச் சொல்லுங்கள். 50 செ.மீ.க்குச் சற்று முன்னால், 49.8 வாக்கில் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 33.8, அதாவது அரை அலைநீளம். இரண்டிலும் இருக்கும் அந்த 0.9 திருத்தம் தானாகவே அடிபட்டுப்போகும்.

இரண்டாவது சத்தம் மெலிசு, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கவையை ரப்பர் கட்டையில் தட்டுங்கள், மேசை விளிம்பில் வேண்டாம். கீச்சென்ற மேல்சுரம் கிளம்பிக் காதைக் குழப்பும். நானே ஒரு வகுப்பு முழுக்க அதை நம்பி ஏமாந்திருக்கிறேன்.