எட்டு மாதம் ஓடிய பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்: கேள்வி பதில்

எந்த போன் வாங்கலாம் என்ற கேள்விகளை இங்கே எடுக்கவில்லை. கையில் இருப்பதை ஒழுங்காக ஓட வைப்பதுதான் இன்றைய பேச்சு. ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு, அதில் எவ்வளவு காலி என்று மூன்றையும் எழுதிவிட்டுக் கேளுங்கள். செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தேடல் பெட்டியில் தட்டினால் கிடைத்துவிடும்.

கேள்வி: 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், 3 ஜிபி காலி. வாங்கினப்ப நல்லா ஓடுச்சு. எட்டு மாசத்துல வாட்ஸ்அப் திறக்கவே நாலு செகண்ட் ஆகுது, கேலரி கறுப்பா நிக்குது. வைரஸா சார்?

பதில்: வைரஸ் இல்லை. அந்த 3 ஜிபிதான் காரணம்.

போனில் இருக்கும் ஃபிளாஷ் மெமரியில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. பிளாக் எனப்படும் ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் அதில் எழுதலாம். காலி இடம் நிறைய இருந்தால் அழித்து வைத்த பிளாக் எப்போதும் கைவசம் இருக்கும். இடம் நிரம்பிவிட்டால், ஒரு சின்ன ஃபைலை எழுதுவதற்குக்கூட உயிரோடிருக்கும் டேட்டாவை வேறிடத்துக்கு நகர்த்தி, பழைய பிளாக்கை அழித்து, அதன் பிறகே எழுத வேண்டும். உங்கள் நாலு செகண்ட் அங்கேதான் போகிறது.

விலை குறைந்த போன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பலவற்றில் இருப்பது இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ். ஒரு நேரத்தில் அது படிக்கும் அல்லது எழுதும்; இரண்டையும் சேர்த்துச் செய்யாது. பின்னணியில் பிளே ஸ்டோர் ஒரு ஆப்பை அப்டேட் செய்துகொண்டிருந்தால் உங்கள் கேலரி வரிசையில் நிற்கும். யுஎஃப்எஸ் வகையில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால் இந்தத் திணறல் குறைவு.

செய்ய வேண்டியது இது. 64 ஜிபி போனில் 10 முதல் 12 ஜிபி வரை எப்போதும் காலியாக இருக்கட்டும். முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதற்குள் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவையும் பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாக நிற்கும். வேண்டாதவற்றை அங்கிருந்தே அழியுங்கள். பின்னால் வந்து, ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் நிறுத்துங்கள். டெலிகிராம் இருந்தால் அதன் கேஷ், அதாவது சீக்கிரம் திறப்பதற்காக ஆப் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள், தனியாகப் பல ஜிபி வளர்ந்திருக்கும். அதை அழித்தாலும் செய்திகள் சர்வரில் இருக்கும். பிறகு கேலரியின் குப்பைத்தொட்டி. நீங்கள் அழித்த படம் அங்கே வாரக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

கூகுள் போட்டோஸில் மட்டும் கவனம். பேக்கப் ஆன படத்தைச் சாதாரணமாக அழித்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும். "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" வழியாகப் போனால் போனில் உள்ள பிரதி மட்டும் போகும்.

இடம் விட்ட உடனே வேகம் முழுதாகத் திரும்பாது. போன் சார்ஜில் இருந்து, திரை அணைந்து சும்மா கிடக்கும் நேரத்தில்தான் ஆண்ட்ராய்டு காலி பிளாக்குகளை மெமரிக்கு அறிவிக்கும் வேலையைச் செய்கிறது. ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை: ஆப் தகவல் பக்கத்தில் "கிளியர் கேஷ்" பக்கத்திலேயே "கிளியர் ஸ்டோரேஜ்" அல்லது "கிளியர் டேட்டா" என்று இன்னொரு பட்டன் இருக்கும். கேஷ் போனால் நஷ்டமில்லை. டேட்டா போனால் அந்த ஆப் போனில் சேமித்து வைத்த எல்லாம் போகும், லாகின் உட்பட. பேக்கப் எடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: கிளீனர் ஆப் ஏதாவது நல்லதா சொல்லுங்க.

பதில்: எதுவும் வேண்டாம். இருப்பதையும் எடுத்துவிடுங்கள். அதுவும் பின்னணியில் ஓடி ரேமைத் தின்னும் ஒரு ஆப்தான், பெரும்பாலும் விளம்பரத்தோடு.

கேள்வி: 4+4 ரேம்னு போட்டிருக்கு. அந்தக் கூடுதல் 4 ஜிபிய ஆன் பண்ணலாமா?

பதில்: அது ரேம் இல்லை. ஸ்டோரேஜில் 4 ஜிபியை ஒதுக்கி, ரேமில் இடமில்லாதபோது ஆப்களை அங்கே இறக்கி வைக்கும் ஏற்பாடு. ரேமை விட ஸ்டோரேஜ் பல மடங்கு மெதுவானது. 64 ஜிபி போனில் 4 ஜிபி இடமும் போகிறது, மெமரிக்குத் தேய்மானமும் கூடுகிறது. ரேமுக்குள்ளேயே டேட்டாவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் என்ற வசதி உங்கள் போனில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், அது போதும். 128 ஜிபி யுஎஃப்எஸ் போனில் பாதி காலியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தொந்தரவு இல்லை. இஎம்எம்சி போனில் அணைத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: நான் ஒவ்வொரு தடவையும் ரீசன்ட்ஸ்ல இருக்கற எல்லா ஆப்பையும் தள்ளிவிட்டுடறேன். ரேம் 900 எம்பியிலிருந்து 1.6 ஜிபி காலியாகுது. இது சரிதானே?

பதில்: தவறு. காலி ரேமால் பயன் ஒன்றும் இல்லை. ரேமில் தங்கியிருக்கும் ஆப் உடனே திறக்கும். தள்ளிவிட்டதை முதலிலிருந்து ஸ்டோரேஜில் படித்து எழுப்ப வேண்டும். அதற்கு நேரமும் பேட்டரியும் செலவு. இடம் தேவைப்பட்டால் கடைசியாக எப்போதோ தொட்ட ஆப்பை ஆண்ட்ராய்டே வெளியேற்றும்.

கேள்வி: ஒத்துக்க முடியல. தள்ளிவிட்ட பிறகு போன் லேசா இருக்கறது கண்ணுக்கே தெரியுதே?

பதில்: கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். நீங்கள் அடிக்கடி திறக்கும் ஒரு ஆப்பைத் தள்ளிவிட்டுத் திறங்கள். பிறகு ஹோம் பட்டனில் வெளியே வந்து மறுபடி திறங்கள். இதைப் பத்து முறை, இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் போன்ல ஒரு மேப் ஆப் திறந்தே கிடந்தா சூடாகுது. தள்ளிவிட்டாதான் அடங்குது. அப்ப அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கே?

பதில்: இருக்கிறது. வழிகாட்டிக்கொண்டிருக்கும் மேப், நின்றுபோய் முரண்டு பிடிக்கும் ஆப், கேமராவைப் பிடித்துக்கொண்டு விடாத வீடியோ கால், இவற்றைத் தள்ளிவிடுவது சரியே. அவை ரேமில் தூங்கவில்லை, உண்மையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் மறுப்பது, பழக்கமாக எல்லாவற்றையும் துடைத்தெறிவதை. அதில் ஒரு ஆபத்தும் உண்டு: சில கம்பெனிகளின் மென்பொருளில் தள்ளிவிடுவது அந்த ஆப்பையே முழுதாக நிறுத்திவிடும். பிறகு அலாரம் ஆப் அடிக்காது, மாத்திரை நினைவூட்டல் வராது.

கேள்வி: சார், ரேம் பத்திப் பேசினவன்தான். பத்து தடவை அளந்தேன். தள்ளிவிட்டா சராசரி 3.1 செகண்ட், விட்டுவெச்சா 0.6. ஆனா கேம் திறந்தா மட்டும் தள்ளிவிட்ட பிறகுதான் தடங்கல் இல்லாம ஓடுது.

பதில்: அளந்ததற்கு நன்றி, அந்த இரண்டாவது கவனிப்பும் சரியானது. பெரிய கேம் ஒன்று ஒரே மூச்சில் ஒன்றரை, இரண்டு ஜிபி கேட்கும்போது, 4 ஜிபி போனில் மற்றவற்றைச் சுருக்குவதும் வெளியேற்றுவதும் கேம் ஓடும் நேரத்திலேயே நடக்கிறது, அதுதான் தடங்கல். கேமுக்கு முன் ஒருமுறை துடைப்பதில் தவறில்லை. மற்ற நேரங்களில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்பக்கக் கவர் ஒரு ஓரத்துல தூக்கிட்டு இருக்கு. பசை விட்டுப்போச்சா? அழுத்தி ஒட்டிடலாமா அண்ணா?

பதில்: அழுத்தாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. போனைச் சமதளத்தில் வைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் போல நடுவில் ஊன்றிச் சுற்றினாலோ, திரையின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போட வேண்டாம். வாயுவை வெளியேற்றக் குத்த வேண்டாம், தீப்பிடிக்கும். எளிதில் எரியாத இடத்தில், ஓட்டின் மேலோ கல்லின் மேலோ வைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள். பழைய பேட்டரி வீட்டுக் குப்பையில் போகக்கூடாது.

கேள்வி: 30 சதவீதம் காட்டும்போதே அணைஞ்சு போகுது. ராத்திரி முழுக்க சார்ஜ்ல போடறேன், அதனாலயா?

பதில்: பேட்டரிக்கு வயதாகும்போது உள்தடை ஏறும். கேமரா, வீடியோ கால் என்று ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று விழுந்து போன் அணைந்துவிடும். சில சமயம் சதவீதக் கணக்கு மட்டும் பிசகியிருக்கும். ஒரே ஒருமுறை தானாக அணையும் வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். அது கணக்கைத்தான் திருத்தும், பேட்டரிக்குப் புத்துயிர் தராது, மாதாமாதம் செய்யாதீர்கள். பிறகும் அணைந்தால் பேட்டரி மாற்ற வேண்டிய நேரம்.

இரவு முழுக்கப் போட்டால் வெடிக்காது. 100 ஆனதும் சார்ஜ் நின்றுவிடும். கெடுப்பது சூடும், முழு நிறைவில் நெடுநேரம் கிடப்பதும். இரண்டும் சேர்ந்தால் மோசம். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், தடித்த கவரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவையுங்கள்.

கேள்வி: போன் ரொம்ப ஸ்லோ. என்ன பண்றது?

பதில்: முதல் கேள்வியின் பதில்.

கேள்வி: 5000 எம்ஏஹெச் பேட்டரி, 10 வாட் சார்ஜர். மூணு மணி நேரம் ஆகுது. பழுதா?

பதில்: இல்லை, கணக்கே அதுதான். 5000 எம்ஏஹெச் என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. 10 வாட்டில் முழு வேகத்தில் போனாலே இரண்டு மணி நேரம். வீணாகும் சூடும், 80க்கு மேல் வேகம் குறைவதும் சேர்ந்தால் மூன்று.

முன்பு இரண்டரை மணியில் முடிந்தது இப்போது ஐந்து ஆகிறது என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அடுத்து போர்ட். டைப்-சி முனை முழுதாக உள்ளே போய் "கிளிக்" என்று உட்காராவிட்டால், பையில் இருந்த பஞ்சு அடியில் கெட்டியாக அமுங்கியிருக்கிறது. போனை அணைத்து, மரப் பல்குச்சியால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறி எடுங்கள். நடுவில் உள்ள நாக்கைத் தொடாதீர்கள். ஊசி, சேஃப்டி பின் கூடவே கூடாது.

கேள்வி: சார்ஜ்ல இருக்கும்போது திரை தானாவே எங்கேயோ தட்டுது.

பதில்: சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறதா? நின்றால் சார்ஜரிலிருந்து வரும் சீரற்ற மின்சாரம்தான் காரணம். நல்ல சார்ஜர் மாற்றுங்கள். கழற்றிய பிறகும் தட்டினால் திரைமேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். அப்புறமும் என்றால் டிஸ்ப்ளே.

கேள்வி: வாட்ஸ்அப்ப திறந்தாதான் மெசேஜ் வருது. அதுவரை சத்தமே இல்ல.

பதில்: பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அதைத் தூங்க வைக்கிறது. ஆப் தகவல், பேட்டரி, "அன்ரெஸ்ட்ரிக்டட்". ஆட்டோ-ஸ்டார்ட் என்று தனியாக ஒரு பட்டியல் இருந்தால் அதிலும் அனுமதியுங்கள். பேக்கிரவுண்ட் டேட்டா அனுமதியும் திறந்திருக்கட்டும். எல்லா ஆப்புக்கும் இதைச் செய்யாதீர்கள். மெசேஜ், அலாரம், பணப் பரிவர்த்தனை போதும்.

கேள்வி: மெமரி கார்டு போட்டு அதையே உள் ஸ்டோரேஜா மாத்திட்டா இடப் பிரச்சினை தீருமா?

பதில்: மாற்றாதீர்கள். அப்படி மாற்றிய கார்டு அந்தப் போனுக்கென்று என்க்ரிப்ட் ஆகிவிடும். போன் கெட்டால் கார்டில் உள்ளதை வேறெங்கும் படிக்க முடியாது. கார்டு மெதுவானால் அதில் இருக்கும் ஆப்களும் மெதுவாகும். படம், பாட்டு, வீடியோவுக்கு மட்டும் சாதாரண கார்டாக வையுங்கள். புதுக் கார்டு வாங்கியதும் கொள்ளளவு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 என்று அச்சடித்து உள்ளே 16 இருக்கும் போலிகள் நிறைய.

கேள்வி: பேசும்போது காதுல வெச்சாலும் திரை அணையல, கன்னம் பட்டு கால் கட்டாகுது.

பதில்: காது அருகில் வந்ததை உணரும் சென்சரை மேலே ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி மறைக்கிறது, அல்லது அழுக்கு. சில மலிவு போன்களில் தனி சென்சரே கிடையாது, மென்பொருள்தான் ஊகிக்கிறது. அங்கே அப்டேட் வந்தால்தான் தீரும். அதுவரை பவர் பட்டனால் திரையை அணையுங்கள்.

கேள்வி: படம் பாக்கற ஆப்ல வீடியோ மங்கலா வருது, திரை ஃபுல் ஹெச்டிதான்.

பதில்: வீடியோவைத் திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டில், கீழ்மட்டமான எல்3 சான்று மட்டும் உள்ள போனாக இருக்கும். அதற்குப் பல நிறுவனங்கள் 480பி அளவுதான் தருகின்றன. நீங்கள் மாற்றக்கூடியது எதுவும் இல்லை.

கேள்வி: 3 ஜிபி ரேம், 32 ஜிபி. 1 ஜிபி காலி. ஸ்லோ. ரீசெட் அடிச்சிடலாமா?

பதில்: மூன்றாவது முறையாக ஸ்லோ. ஆனால் ரீசெட் என்று கேட்டதால் விரிவாகச் சொல்கிறேன். 32 ஜிபியில் சிஸ்டமே பாதிக்குக் கிட்டப் பிடித்துக்கொள்ளும். ரீசெட் செய்துவிட்டு அதே ஆப்களை அப்படியே ஏற்றினால் சில வாரங்களில் இங்கேயே திரும்புவீர்கள். இரண்டாம் வாட்ஸ்அப்புக்கான டூயல் ஆப், வேண்டாத மொழித் தொகுப்புகள், ஆஃப்லைன் மேப் இவற்றை முதலில் எடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5க்குக் குறைத்தால் கண்ணுக்கு வேகம் தெரியும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். மற்ற எதையும் அங்கே தொடாதீர்கள்.

அப்புறமும் ரீசெட் என்றால், முன்பே இவை முடிந்திருக்க வேண்டும்: வாட்ஸ்அப் பேக்கப் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, போனிலேயே சேமித்தவையா என்று பாருங்கள். ஓடிபி காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப் இருந்தால் அதை வேறு போனுக்கு மாற்றுங்கள், அல்லது பேக்கப் குறியீட்டு எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நிச்சயமாக நினைவிருக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸிலிருந்தே கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா நான் போன வாரமே வால்யூம் பட்டன அழுத்தி ரீசெட் பண்ணிட்டேன். இப்ப பழைய ஜிமெயில் கேட்டு நிக்குது. பாஸ்வேர்டு மறந்துபோச்சு.

பதில்: திருட்டைத் தடுக்கும் பூட்டு அது, ஆண்ட்ராய்டு 5.1 முதல் இருக்கிறது. கணக்கை நீக்காமல், நீங்கள் செய்ததுபோல் பட்டனை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால் விழும். பழைய ஸ்கிரீன் லாக் பின் நினைவிருந்தால், அதைக் கேட்கும் வழி அதே திரையில் பல போன்களில் வரும். இல்லையென்றால் அந்தக் கணக்கை முன்பு பயன்படுத்திய கணினியிலோ வேறு போனிலோ, அதே வீட்டு வைஃபையில் இருந்து, கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். பழகிய இடம், பழகிய சாதனம் என்றால் மீட்க வாய்ப்பு அதிகம். புதுப் பாஸ்வேர்டு போட்ட பிறகு ஒரு நாள் விட்டு இந்தப் போனில் கொடுங்கள். அதுவும் நடக்காவிட்டால் வாங்கிய பில்லோடு சர்வீஸ் சென்டர். பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் கணினியில் ஏற்றாதீர்கள்.