ஹோல்காவில் வெளிச்சம் எங்கே புகுகிறது?

அன்புள்ள ஐயா,

ஹோல்கா 120என் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா வாங்கி, 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) கலர் ரோல் ஒன்றை வெயிலில் எடுத்து முடித்தேன். 16 படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. ஃபிலிமின் இரண்டு ஓரங்களிலும் அலையலையாகக் கறை. ஸ்கேனில் ஆரஞ்சு நிறம். ஃபிலிமைக் கழுவிய லேபில் கெடுத்துவிட்டார்களா? ஹோல்கா என்றால் அப்படித்தான், அதுவே அழகு என்கிறார்கள் நண்பர்கள்.

கு.

அன்புள்ள கு.,

லேப்மேல் தப்பில்லை. படங்கள் ஏறியதற்குக் காரணம், பின்மூடியில் படத்தின் எண் தெரியும் சிவப்பு ஜன்னலை ஒட்டியுள்ள அம்புக்குறி. அது 16இல் நிற்கிறது. உள்ளே இருப்பதோ 12 படங்களுக்கான 6×6 மாஸ்க், அதாவது படத்தின் அளவைத் தீர்மானிக்கும் சட்டம். அம்பை 12க்குத் தள்ளுங்கள், சரியாகிவிடும்.

கறைக்கு நெகட்டிவைத்தான் பார்க்க வேண்டும். படச் சட்டத்துக்குள்ளேயே கறை நின்றுவிட்டால் லென்ஸ் பக்கத்து இடுக்கில் கசிவு. வட்டமாக விழுந்து, ஃபிலிமோடு சேர்ந்து சுற்றியிருக்கும் காகிதத்தின் எண்ணும் சேர்ந்து பதிந்திருந்தால் சிவப்பு ஜன்னல். சட்டத்தைத் தாண்டி ஃபிலிமின் விளிம்புவரை போயிருந்தால் பின்மூடி, அல்லது ரோலைக் கழற்றிய நேரம். உங்களுக்கு இரண்டு ஓரமும் அலையலையாக இருப்பதால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது என்றே சொல்வேன். ஹோல்காவில் ஃபிலிமை இறுக்கிப் பிடிக்கப் போதிய அழுத்தம் கிடையாது. சுற்று புடைத்து, ஸ்பூலின் (ஃபிலிம் சுற்றும் உருளையின்) இரு தட்டுகளுக்கும் காகிதத்துக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. வெளியே எடுத்ததும் அந்த வழியாக வெளிச்சம் இறங்குகிறது.

ரோல் வந்த அட்டைப் பெட்டியின் மடல் ஒன்றைக் கிழித்து இரண்டாக மடியுங்கள். புது ரோல் உட்காரும் அறையில், ஸ்பூலுக்கு அடியில் செருகுங்கள். சுற்றும்போது கை லேசாகக் கனக்க வேண்டும். திருகு நகரவே மறுத்தால் அட்டை தடிமன், மடிக்காமல் ஒற்றையாகச் செருகினால் போதும். முடிந்த ரோலை நிழலில் கழற்றி உடனே ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். தளர்வாக இருக்கிறதே என்று முறுக்கி இறுக்கினால் ஃபிலிமில் கீறல் விழும். பின்மூடியின் பக்கக் கொக்கிகள் நழுவக்கூடியவை, அவற்றின்மேல் கறுப்புத் துணி டேப் ஒட்டுங்கள். ஜன்னலுக்கும் ஒரு துண்டு. சுற்றும்போது மட்டும் தூக்கினால் போதும்.

நண்பர்கள் சொல்லும் அழகு எனக்கும் பிடிக்கும். நடுவில் ஓரளவு கூர்மை, மூலைக்குப் போகப் போக மங்கலும் இருட்டும். அது ஒற்றை பிளாஸ்டிக் லென்ஸின் வேலை. கசிவை அடைத்தால்தான் அது முழுசாகத் தெரியும்.

இன்னொன்று. ஷட்டர் சுமார் 1/100 விநாடிதான். உச்சி வெயிலில் 400 ஐஎஸ்ஓ போட்டால் வெளிச்சம் தேவைக்கு மேல் கூடும். நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும், நேராகவே பாசிட்டிவ் படம் தரும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. வெயிலுக்கு 100, மேகமூட்டத்துக்கு 400 போடுங்கள்.