மாமியாருக்குத் தயிர்சாதம், உங்களுக்கு விருந்தா?

கேள்வி: இங்கிலாந்தில் ஸ்விண்டனில் இருக்கிறோம். எங்கள் மகள் ஓர் ஆங்கிலேயப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பையனின் பெற்றோர் அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மதியம், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு கிராமத்துப் பழைய இன்னில் (சாப்பாட்டு விடுதி) ‘சண்டே ரோஸ்ட்’ எனும் ஞாயிறு இறைச்சி விருந்து சாப்பிட அழைத்திருக்கிறார்கள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. சிக்கன் என்று சொல்லிவிட்டால் போதும்தானே? என்ன உடுத்துவது? பில்லை யார் கொடுப்பது? என் மாமியாருக்கு 76 வயது. மாமனார் போனபிறகு அசைவத்தை விட்டவர், முட்டைகூடத் தொடுவதில்லை. அவருக்கு அங்கே சரிப்படாது என்பதால் தயிர்சாதம் பிசைந்து வைத்துவிட்டு, நான்கு மணிக்குள் திரும்பிவிடலாம் என்றிருக்கிறோம். பையனின் 84 வயதுப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருகிறார்களாம். எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டுமே என்று பதற்றமாக இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: 84 வயதுப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் வைத்து அவர்கள் அழைத்து வருகிறார்கள். நடமாடிக்கொண்டிருக்கும் 76 வயதுக்காரரை நீங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறீர்கள். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது கை உறுத்தவில்லையா?

சரிப்படாது என்று முடிவு செய்தது யார்? மாமியாரிடம் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உங்கள் கணவர் கேட்டாரா? அதுவும் இல்லை. அவர் அங்கே வருவது சாப்பாட்டுக்காக அல்ல. பேத்தி வாழப்போகிற வீட்டு மனிதர்களைக் கண்ணால் பார்க்க. சம்பந்திகள் முதன்முதலாக ஒரே மேசையில் உட்காரும் நாளில் வீட்டின் மூத்தவர் இருந்தே ஆக வேண்டும். நான் இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவர்களுக்கும் இது குடும்பச் சாப்பாடுதான். ஞாயிறு காலை இறைச்சியை அடுப்பில் வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போய், திரும்பி வந்து வீடு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வழக்கம் அது. அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘பாட்டி வரவில்லையா?’ என்றுதான் இருக்கும்.

மாமியாரை உங்கள் கணவரே கேட்கட்டும், அதுவும் இன்றைக்கே. முதல் தடவை ‘எனக்கெதுக்குப்பா, நீங்க போய்ட்டு வாங்க’ என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் இரண்டாம் தடவையும் கேட்கச் சொல்லுங்கள். அவர் ‘சரி’ என்றதும் நீங்கள் பையனின் அம்மாவைக் கூப்பிடுங்கள். மேசை அவர்கள் பெயரில்தானே பதிவாகியிருக்கிறது? எத்தனை பேர், யார் என்ன சாப்பிடுவார்கள் என்பதை அவர்கள் வழியாகத்தான் இன்னுக்குச் சொல்ல வேண்டும். இந்த வேலையை மகள் தலையில் கட்டாதீர்கள். சம்பந்தியிடம் பேசக் கூச்சப்பட்டால் பிறகு கல்யாணத்தை எப்படி நடத்துவீர்கள்?

சிக்கன் என்று சொன்னால் போதாது. ரோஸ்ட் உருளைக்கிழங்கை முதலில் அரைவேக்காடு வேகவைத்து, வடித்து, ஓரங்கள் சொரசொரப்பாகும்படி குலுக்கி, நன்றாகக் காய்ந்த கொழுப்பில் போட்டு ஓவனில் வைப்பார்கள். பல சமையலறைகளில் அந்தக் கொழுப்பு மாட்டுக்கொழுப்பு, அல்லது வாத்துக்கொழுப்பு. யார்க்‌ஷயர் புட்டிங்கும் அப்படியே. மைதா, முட்டை, பால் கரைத்த மாவை, 220 டிகிரியில் புகை வரக் காய்ந்த கொழுப்பில் ஊற்றினால்தான் உப்பும். அந்தக் காலத்தில் நெருப்பின் முன் சுழலும் இறைச்சிக்கு அடியில் தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பிலேயே வேகவைத்த பண்டம் அது. இறைச்சிக்கு முன்னால் அதைக் கிரேவியோடு பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிவிடுவார்கள், இறைச்சிச் செலவு மிச்சமாகும் என்று. மூன்றாவது அந்தக் கிரேவி. மாட்டெலும்பை வறுத்துக் காய்ச்சிய ஒரே கிரேவியை எல்லாத் தட்டிலும் ஊற்றும் இடங்கள் நிறைய. ஆக, சிக்கன் கேட்டு வாங்கினாலும் மாடு மூன்று வழியில் உங்கள் தட்டுக்கு வந்துவிடலாம்.

அதனால் கேட்க வேண்டியவையும் மூன்று. உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில்? யார்க்‌ஷயர் புட்டிங் எந்தக் கொழுப்பில்? கிரேவி எதிலிருந்து? தாவர எண்ணெயில் தனித் தட்டும், தனிக் கிரேவியும் தர முடியுமா என்று பையனின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்த வார வியாழக்கிழமைக்குள் நீங்களே இன்னுக்குப் போன் செய்து கேட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு நெரிசல் அடங்கிய மூன்று, நான்கு மணி நல்ல நேரம். ஞாயிறன்று போய்க் கேட்டால் கிரேவி காலையிலேயே காய்ச்சி முடிந்திருக்கும், பகுதிநேர வேலைக்கு வந்த பிள்ளை ‘இருக்காதுன்னு நினைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு ஓடும். பிரிட்டிஷ் சட்டப்படி 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகம் தகவல் தந்தாக வேண்டும். முட்டையும் பாலும் அதில் உண்டு, மாட்டுக்கொழுப்பு கிடையாது. மெனுவில் குறி இல்லையே என்று நம்பிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மாமியாருக்கு வெஜிடேரியன் ரோஸ்ட் வேண்டாம். கொட்டைகளை அரைத்துச் செய்யும் நட் ரோஸ்ட்டைப் பிடித்து வைப்பதே பெரும்பாலும் முட்டைதான். வீகன் ரோஸ்ட் கேளுங்கள். முட்டை, பால், விலங்குக் கொழுப்பு எதுவுமே இராது. கிரேவியும் காய்கறியில் செய்ததாக இருக்கும். பால், வெண்ணெய் சாப்பிடுவார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வெண்ணெய் போட்ட கேரட்டும் பட்டாணியும் கிடைக்கும். காலிஃபிளவர் சீஸ் வந்தால், சீஸ் வெஜிடேரியன்தானா என்று விசாரியுங்கள். சிலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டால் உறைய வைக்கிறார்கள். அவருக்கு யார்க்‌ஷயர் புட்டிங் கிடையாது, முட்டை. கடைசி இனிப்பாக வரும் ஸ்டிக்கி டாஃபி புட்டிங்கும் கிடையாது, அதே காரணம். ஆப்பிள் கிரம்பிள் சரி: மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஆப்பிள். மேலே ஊற்றும் கஸ்டர்டு முட்டையில் செய்ததா, பவுடரில் செய்ததா என்று மட்டும் கேளுங்கள். மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதால்தான் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரெட் பேர்ட் 1837-ல் முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரைக் கண்டுபிடித்தார். உங்கள் வேலை இரண்டு போன் பேசுவது மட்டும்தான்.

பழைய இன்களில் கரடுமுரடான கல்தரை, குனிந்து போக வேண்டிய உத்தரங்கள், மாடியில் கழிப்பறை என்றெல்லாம் இருக்கும். சக்கர நாற்காலி வருவதால் உங்கள் சம்பந்திகள் இதையெல்லாம் முன்பே விசாரித்திருப்பார்கள். மாமியாருக்குச் சாய்மானமுள்ள நாற்காலி மட்டும் கேளுங்கள். சில இடங்களில் வெறும் பலகைதான். மேசைக்கடியில் நாய் படுத்திருக்கலாம், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கணப்படுப்புப் பக்கம் சேலை முந்தானை போகாமல் உட்கார வையுங்கள்.

மேசையில் வெள்ளையாகத் தயிர் மாதிரி ஒன்று இருக்கும். தயிர் இல்லை, குதிரைமுள்ளங்கி சாஸ். ஒரு கரண்டி போட்டுக்கொண்டால் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். ஆட்டிறைச்சிக்கு வரும் புதினா சாஸும் நம் துவையல் அல்ல, வினிகரும் சர்க்கரையும் கலந்தது. யார்க்‌ஷயர் புட்டிங்கைக் கடைசி இனிப்பென்று ஒதுக்கி வைக்காதீர்கள், சூட்டோடு கிரேவியில் தொட்டுச் சாப்பிடுவது அது. அன்றைக்கு அமாவாசையா என்று காலண்டரை இப்போதே பாருங்கள். கணவர் கடைசி நிமிஷத்தில் சைவமாகிவிட்டால் சமையலறைக்கு இன்னொரு தலைவலி.

உடை சாதாரணமாக இருக்கட்டும், பட்டு வேண்டாம். சரளைக்கல்லும் சேறும் இருக்கும், தட்டையான செருப்பு.

பில் அழைத்தவருடையது. கவுண்டரில் நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவர்களுக்கு அது சங்கடம். ஒரு தடவை பங்கு தருகிறோம் என்று சொல்லி, மறுத்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். டிப்ஸ் மட்டும் நீங்கள் வைக்கலாம், பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேரவில்லை என்றால் பத்து சதவீதம். கிளம்பும் முன் அவர்கள் எல்லோரையும் உங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டு, தேதியையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கு வாசலில் நிற்பார்கள். அடுப்படி வேலையைப் பன்னிரண்டரைக்குள் முடித்துவிடுங்கள்.