ஜார்ஜியன் லாட்ஜ் சுவரில் ஓதம்: முதலில் சிமெண்ட்டை எடுங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பழைய எஸ்டேட்டின் வாயில் லாட்ஜை, அதாவது வாயிற்காவலருக்காகக் கட்டிய சிறு வீட்டை, வாங்கியிருக்கிறோம். ஜார்ஜியன் காலத்தில் (ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலம்), 1790களில் கட்டியது. முன்சுவரில் செங்கல் பொரிந்து உதிர்கிறது, உள்ளே ஓதம். சுவரில் துளையிட்டு, ஈரத்தைத் தடுக்கும் ரசாயனம் செலுத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காலத்துச் சுவர், நடுவில் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர். மழையில் கொஞ்சம் ஈரம் வாங்கும். காற்றும் வெயிலும் பட்டதும் சுண்ணாம்புச் சாந்து வழியே அதை வெளியே விட்டுவிடும். பின்னாளில் சிமெண்ட் பாயிண்டிங் செய்தால், அதாவது செங்கல் இடுக்குகளைச் சிமெண்ட்டால் பூசினால், அந்த வழி அடைபடும். ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். உப்பு உள்ளே படிகமாகும், குளிர்காலத்தில் நீர் உறைந்து விரியும், செங்கலின் முகம் தகடு தகடாகக் கழலும். சாந்து துருத்திக்கொண்டு செங்கல் குழிந்திருந்தால் காரணம் இதுதான்.

எனவே அந்தச் சிமெண்ட்டை எடுக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு பதித்த நீர்க்கால் இருக்கலாம். அதில் இலை அடைத்தால் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். அடுத்தது தரைமட்டம். சாலையோர லாட்ஜ்களில் சாலையும் தோட்டமும் மேடாகிக்கொண்டே வரும். வெளித்தரை உள்தரையைவிட 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.

உளியைத் தொடுமுன் உள்ளூர் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் கேளுங்கள். இந்த வயதுக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்க வாய்ப்பு மிக அதிகம். தேவையான அனுமதியின்றி மாற்றுவது குற்றம்.

சிமெண்ட்டைக் கையால், மெல்லிய உளி வைத்து எடுக்கவும். கிரைண்டர் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் சாந்தின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. விளிம்பு உடையும்போல் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் மேலுள்ள தட்டை வளைவில் செங்கற்களைத் தேய்த்துப் பொருத்தி, ஓரிரு மி.மீ. சுண்ணாம்பு விழுதால் ஒட்டியிருப்பார்கள். அது தேர்ந்த கைக்கு மட்டுமே உரிய வேலை.

தூசியைக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். ஒரு சிட்டிகை சிமெண்ட்கூடக் கலக்கக் கூடாது. செங்கல் முகத்தைவிடச் சற்று உள்ளே நிறுத்தி, இறுகத் தொடங்கியதும் முரட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரச் சாக்கால் ஒரு வாரம் மூடிவையுங்கள். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் இந்த வேலையே வேண்டாம்.

உள்ளே ஜிப்சம் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் இருந்தால் அவற்றுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளையடிப்பு. சுவர் உலர, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, 225 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். அதுவரை அலமாரிகளைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.