பட்டியலைச் சுருக்குங்கள்: இஸ்தான்புல் கேள்வி பதில்

கணவரின் வேலைக்காக ஏழு ஆண்டுகள் இஸ்தான்புல்லில் குடியிருந்தேன். அங்கே போகப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்களுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. பதினெட்டு இடங்களை எழுதி வைத்திருக்கிறோம். எதையெல்லாம் விடலாம்?

பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். இது குன்றுகளின் ஊர். ஒரு நாளைக்கு ஒரு குன்று, அந்தக் குன்றடியிலேயே ஒரு சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் மூன்று நாள் நிறைவாகப் போகும்.

முதல் நாளை ஹாகியா சோபியாவுக்குக் கொடுங்கள். 532-ல் நகரில் வெடித்த கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோனது. பேரரசர் ஜஸ்டினியன் உடனே வேலையைத் தொடங்கி, 537-ல் இந்தக் கட்டடத்தை முடித்துவிட்டார். ஆறே ஆண்டுகளுக்குள்! 558-ல் குவிமாடம் இடிந்து விழுந்தது. முதலில் கட்டியது தட்டையாக இருந்ததால்தான் சுவர்கள் வெளிப்புறம் தள்ளப்பட்டன என்று கண்டு, இரண்டாம் முறை உயரம் கூட்டிக் கட்டினார்கள். குவிமாடத்தின் அடிவிளிம்பில் நாற்பது சன்னல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றின் வழியே இறங்கும்போது மேலே இருக்கும் பாரம் எதன்மீதும் உட்காராமல் மிதப்பதுபோல் இருக்கும். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடச் சலித்ததில்லை.

1453-ல் பள்ளிவாசலானது, 1930-களில் அருங்காட்சியகமானது, 2020-ல் மறுபடி பள்ளிவாசலானது. இப்போது வெளிநாட்டுப் பயணிகள் டிக்கெட் வாங்கி மேல்மாடத்துக்கு மட்டுமே போக முடியும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அரிய பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்து மொசைக்கைப் பார்த்துவிட்டு, அதே தளத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரையும் தேடுங்கள். காவலுக்கு வந்த ஒரு வைக்கிங் வீரன் தன் பெயரை அதில் கீறி வைத்திருக்கிறான். ஹால்ஃப்தான் என்ற பெயர் மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கிறது.

பாட்டி, அம்மா, நான் மூவரும் சுத்த சைவம். பாட்டிக்கு முழங்கால் வலி வேறு. பட்டினி கிடக்க நேருமா, அம்மா?

நேராது, மகளே. எள் தூவிய வளைய ரொட்டியான சிமித் தெருவுக்குத் தெரு கிடைக்கும். பாட்டிக்குக் கடிக்கச் சிரமமாக இருந்தால் தேநீரில் தொட்டுக் கொடு. 'செய்தின்யாலி' என்று உணவுப் பட்டியலில் போட்டிருந்தால், ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி என்று பொருள். திராட்சை இலையில் அரிசியைச் சுருட்டி வைக்கும் சர்மா அந்த வகைதான். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை செய்வேன்.

கவனிக்க வேண்டியது பருப்பு சூப். வெறும் பருப்பாகத் தெரியும், ஆனால் சில கடைகளில் எலும்பு வேகவைத்த நீரில் செய்வார்கள். "எத் சுயு வார் மி?" என்று கேள், இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று அர்த்தம். 'யோக்' என்றால் இல்லை. ஒரு புன்னகையோடு கேட்டால், சமையல்காரரே வெளியே வந்து விளக்கிவிட்டுப் போவார்.

பாட்டிக்காக டிராமை நம்புங்கள். சுல்தானஹ்மத், எமினோனு, காராக்கோய் மூன்றும் ஒரே தடத்தில் வருகின்றன. 336 தூண்கள் தாங்கும் ஜஸ்டினியன் காலத்து நிலத்தடி நீர்த்தேக்கம் பேரழகுதான், ஆனால் படியிறங்க வேண்டும், தரையும் ஈரமாக இருக்கும். நீங்கள் இருவரும் முறை வைத்துப் போய்ப் பாருங்கள், பாட்டியோடு ஒருவர் மேலே இருங்கள்.

சுலைமானியே பள்ளிவாசலுக்கு எதிரே வரிசையாக பீன்ஸ் கடைகள் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன, கட்டாயம் சாப்பிடுங்கள். கட்டடக் கலைஞர் சினான் அந்தப் பள்ளிவாசலை 1557-ல் முடித்தபோது அதைச் சுற்றிக் கல்விக்கூடங்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவளித்த அன்னசத்திரம் எல்லாம் சேர்த்தே கட்டினார். முற்றத்தின் ஓரத்தில் நின்று கீழே கடலைப் பாருங்கள். பிறகு எதிர்ச்சாரிக்கு வந்து குரு ஃபசுல்யே கேளுங்கள். வெள்ளை பீன்ஸை மெழுகுபோல் வேகவைத்த செம்மண் நிறக் குழம்பு, பக்கத்தில் வெண்ணெய்ச் சோறும் ஊறுகாயும் வரும். சிலர் இறைச்சி சேர்ப்பதால் சைவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த பீன்ஸ், தக்காளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தட்டில் நாம் பார்க்கும் குழம்பைச் சினான் ருசித்திருக்க மாட்டார். நம் ரசத்துக்குத் தக்காளி வந்துசேர்ந்த கதையும் இதேதான். 'அரசர் காலத்து உணவு' என்று எந்த ஊரில் யார் சொன்னாலும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

மீன் பிரியன் நான். எப்போது வந்தால் நல்லது?

இலையுதிர் காலம். கருங்கடலிலிருந்து பலமுத் மீன்கள் கூட்டம் கூட்டமாக பாஸ்பரஸ் நீரிணை வழியே இறங்கும் காலம் அது. பலமுத் நம் சூரைக்கு உறவு. இந்த நகரமே அந்த மீனால் செழித்தது என்றுகூடச் சொல்வேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், பலமுத் கூட்டம் எதிர்க்கரையிலிருந்த கால்செடானுக்குப் போகாமல் விலகி, பைசாந்தியத்தின் (இஸ்தான்புல்லின் பழைய பெயர்) உள்கடலுக்குள் புகுவதை எழுதியிருக்கிறார். வளமான கரையை விட்டுவிட்டு எதிர்க்கரையில் முதலில் குடியேறியதால் கால்செடான்காரர்களைக் 'குருடர்கள்' என்று ஒரு பாரசீகத் தளபதி சொன்னதாக ஹெரொடோட்டஸும் பதிவு செய்கிறார்.

அந்தக் குருடர்களின் ஊர்தான் இன்றைய கடிக்கோய். நகரின் நல்ல மீன் சந்தைகளில் ஒன்று இப்போது அங்கேதான் இருக்கிறது.

எமினோனு கரையில் விற்கும் மீன் ரொட்டியையும் சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் அதில் பெரும்பாலும் இறக்குமதி செய்த கானாங்கெளுத்திதான் இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் கடையானால் மீனைத் தட்டில் வைக்கும் முன்பே எடையும் விலையும் கேளுங்கள். முதல் மாதத்தில் ஒரு கடையில் நான் கேட்காமல் விட்டு, வீட்டு மளிகைக்கு வைத்திருந்த பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எந்த நாளில் எது மூடியிருக்கும்?

தோப்காபி அரண்மனை செவ்வாய், பெரிய சந்தை ஞாயிறு. வெள்ளி நண்பகல் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல்களுக்குள் பயணிகளுக்கு அனுமதியில்லை. பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்திருங்கள்.

அக்கா, அங்கே புளி கிடைக்குமா? மூன்று மாத வேலைக்காக வருகிறேன்.

சமையலுக்கா? மசாலாக் கடைகளில் 'தெமிர்ஹிந்தி' என்று கேளுங்கள். 'இந்தியப் பேரீச்சை' என்ற அரபுச் சொல் தேய்ந்து இப்படி ஆனது. ஆங்கிலத்தின் டாமரிண்டும் அதே சொல்தான். அவர்கள் அதில் குழம்பு வைப்பதில்லை, சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து சர்பத் காய்ச்சுகிறார்கள். ரமலான் மாதத்தில் அதற்குத் தனி மதிப்பு. முதல் மடக்கு நாக்கில் பட்டதும் எனக்கு எங்கள் ஊர்த் திருவிழாப் பானகம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

விமானம் மாறும் இடைவெளியில் அரை நாள் கிடைக்கிறது. விசா கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

அருங்காட்சியகம் எதற்கும் போகாதீர்கள், வரிசையிலேயே நேரம் போய்விடும். நேரே எமினோனு வந்து கடிக்கோய்க்குப் படகு ஏறுங்கள். ஏறக்குறைய அரை மணிப் பயணம்; சாதாரண மக்கள் வேலைக்குப் போகும் அதே படகு. மேல்தளத்தில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும். சந்தையைச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்கு முன் திரும்பும் படகைப் பிடியுங்கள். வரும்போது இடப்பக்கம் நின்றுகொள்ளுங்கள். முதலில் சுல்தான் அகமது பள்ளிவாசலின் ஆறு கோபுரங்கள், அடுத்து ஹாகியா சோபியா, பிறகு மரங்களுக்கு நடுவே தோப்காபி அரண்மனை என்று ஒவ்வொன்றாகக் கடந்து போகும்.