வலி மாத்திரை போட்டால் குடிக்கலாமா? எத்தனை மணி நேரம் இடைவெளி விடணும்?

"முதுகு வலிக்கு தினமும் மாத்திரை போடறேன், ராத்திரி ஒரு குவார்ட்டர் அடிக்கலாமா, எவ்ளோ நேரம் கேப் விடணும்" என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டை தூக்குகிற வேலையோ, நாள் முழுக்க நின்றே செய்கிற வேலையோ உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். வலியில் தூக்கம் வராதவர்தான் இப்படிக் கேட்பார்.

எங்க நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பேரணாம்பட்டில் தோல் கம்பெனி வேலை. ட்ரம்மிலிருந்து ஈரத் தோலை இழுத்துப் போடணும். தண்ணியில் ஊறின மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவங்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் வீடு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசப்படி ஏறுவார். மெடிக்கலில் இடுப்பு வலி என்று சொன்னால் போதும், சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள், ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டி நாலு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஒரு கட்டிங். பல வருஷம் இப்படித்தான் போனது. உடனே அவரைக் குடிகாரர் என்று யாரும் கமெண்டில் எழுத வேண்டாம். சம்பளக் கவரை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிற மனுஷன் அவர்.

ஒரு சித்திரை மாசம், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வெயில் சூடு என்று இளநீர், வெந்தயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். மூணாம் நாள் விடிகாலை பாத்ரூமில் மயங்கி விழுந்தார். வாந்தி காப்பித்தூளைக் கரைத்தமாதிரி இருந்தது. 108 வந்து குடியாத்தம் ஜிஎச்சுக்கு, அங்கிருந்து அடுக்கம்பாறையில் இருக்கிற வேலூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி பார்த்து, இரைப்பையில் புண் வெடித்து ரத்தம் கசிகிறது என்றார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் எங்க எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார், "என்ன சாப்டுவீங்க, எவ்ளோ சாப்டுவீங்க". அதுவரை எந்த டாக்டரிடமும் நைனா அதைச் சொன்னதே இல்லை. பக்கத்தில் அம்மா நின்றால் எப்படிச் சொல்வார்?

அந்த டாக்டர் சொன்னதும், அதற்கப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதும் இதுதான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுகிற சுரப்பையும் சேர்த்தே குறைத்துவிடும். சாராயமும் அதே இடத்தை அரிக்கும். மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டால் வயிற்றுக்குப் போகாது என்று எங்க ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. தப்பு. ஊசி மருந்தும் ரத்தம் வழியாக அதே வேலையைத்தான் செய்யும்.

பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது, கல்லீரலில்தான் கை வைக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு. தினமும் குடிப்பவரை 2 கிராமோடு நிறுத்தச் சொல்வார்கள். வலி மாத்திரை பலதில் பாராசிட்டமால் 325 மில்லிகிராம் ஏற்கெனவே கலந்திருக்கும், அதுக்கு மேல் காய்ச்சலுக்கு என்று டோலோவும் (அதுவும் பாராசிட்டமால்தான்) போட்டால் கணக்கு ஏறிவிடும். தினமும் குடிக்கிறவரின் கல்லீரல் இந்த மருந்தை அதிகமாக விஷமாக மாற்றும், அதைச் சமாளிக்கிற சக்தியும் அதுக்குக் குறைவு. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காமல் விட்டாலும் அது மாறாது. நீங்கள் கேட்ட மணிக்கணக்கை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான். டிரமடால் என்கிற கடுமையான வலி மாத்திரை இன்னும் மோசம். குடியோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். 2018லிருந்து அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

"நீ என்ன டாக்டரா" என்று கேட்பவர்களுக்கு: இல்லை, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "நான் இருபது வருஷமா ரெண்டும் சேர்த்துதான் போடறேன், ஒண்ணும் ஆகல" என்றும் ஒருத்தர் வருவார். நைனாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கம்பெனி அவருக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கார்டே போடவில்லை. அத்தனை வருஷம் கான்ட்ராக்ட் ஆள் என்றே கணக்கில் வைத்திருக்கிறார்கள். கார்டு இருந்திருந்தால் இடுப்பை முன்னாடியே டாக்டரிடம் காட்டியிருப்பார், படுத்திருந்த நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்காவது வந்திருக்கும். பார்க்க வந்த உறவுக்காரர்கள் இதைக் கேட்கவில்லை. "நீ அடக்கி வைக்கல" என்று அம்மாவைத்தான் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நைனா இப்போ வாட்ச்மேன் வேலைக்குப் போகிறார். இடுப்புக்கு பிசியோதெரபி. நீங்களும் முதுகை ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டு ஆள் இல்லாமல் தனியாகப் போய் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கறுத்தாலோ, வாந்தி காப்பி நிறத்தில் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், வலி எதுவும் இல்லாவிட்டாலும் போங்கள். அளவு மீறின பாராசிட்டமாலின் விஷத்தை முறிக்கிற மருந்து இருக்கிறது, மாத்திரை போட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருந்தது பேர் இல்லாத வெட்டுத் துண்டு. என்ன மாத்திரை என்று டாக்டர் கேட்டபோது எங்களால் சொல்ல முடியவில்லை.