அழகுக்காகச் செய்யும் பல், மூக்குச் சிகிச்சைகளுக்குக் காப்புறுதியில் காசு கிடைக்குமா?

களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன், வேலைத்தலத்தில் மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, பல்லுக்குக் கம்பி போடவும் வளைந்த மூக்கை நிமிர்த்தவும் அதில் காசு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கம்பிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. மூக்குக்குக் கிடைப்பது, அதை ஏன் நிமிர்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கல்முனையில் நான் வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களின் கிளெய்ம் படிவங்கள் என் கையால்தான் போகின்றன. திரும்பி வருபவற்றில் சிகிச்சையின் பெயரை விட அதற்கான காரணம் எழுதப்படாததுதான் பெரிய பிரச்சினை. மூக்கின் நடுச்சுவர் வளைந்து மூச்செடுக்க முடியாமல், மருந்துக்கும் சரிவராமல், ஈஎன்டி டொக்டர் ஒப்பரேஷன் வேண்டும் என்று எழுதினால் அது நோய்க்கான சிகிச்சை. அதே மூக்கைப் பார்வைக்கு அழகாக மாற்றினால் அது அழகுச் சிகிச்சை, அநேகமாக எல்லாப் பொலிசியிலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். இரண்டையும் ஒரே தடவையில் செய்தால் ஆஸ்பத்திரியிடம் பில்லைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழுவதையுமே மறுத்துவிட இடமிருக்கிறது.

கண் இமை தொங்குவதும் அப்படித்தான். பார்வையை மறைக்கிறது என்று கண் டொக்டர் பரிசோதித்து எழுதினால் பேசலாம், வயது தெரிகிறது என்பதற்காக என்றால் கிடையாது. குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்த தழும்பு இறுகி, கையை நீட்ட முடியாமல் இருப்பவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தழும்பை விடுவிக்கும் ஒப்பரேஷனை அழகுக்காக என்று யாராவது ஒதுக்கினால் விடாதீர்கள், கை வேலை செய்வதற்காகச் செய்வது அது. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு செய்யும் மீளமைப்பும் என் பார்வையில் இந்த வகைதான். அமெரிக்காவில் இதற்காகவே 1998இல் ஒரு சட்டம் வந்தது, மார்பகம் அகற்றப் பணம் தரும் காப்புறுதி மீளமைக்கவும் தர வேண்டும் என்று. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அதை வைத்துச் சொல்வதை இங்கே அப்படியே எடுக்காதீர்கள், இங்கே உங்கள் பொலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

சரி, பல்லுக்கு வருவோம். வெள்ளையாக்குவது, முன்பல்லுக்கு ஓடு ஒட்டுவது, கம்பி, இம்பிளான்ட் எல்லாம் வழக்கமாக வெளியே நிற்கும். விபத்தில் சொந்தப் பல் உடைந்தால் பல பொலிசிகள் தருகின்றன, ஆனால் விபத்து நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும். மோட்டார் சைக்கிளில் விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், டயக்னோசிஸ் கார்டில் பல் உடைந்ததையும் எழுதச் சொல்லுங்கள். நெற்றிக் காயத்தை மட்டும் எழுதி விடுவார்கள், பிறகு பல்லுக்குப் படிவம் போடும்போது அந்த ஒரு வரி இல்லாமல் தவிக்க வேண்டியிருக்கும். சில குழுக் காப்புறுதிகளில் வெளிநோயாளர் பகுதிக்குள் பல்லுக்கென்று ஒரு சிறு வரம்புத் தொகை இருக்கும், உங்கள் நிறுவனத்தில் அதையும் கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை: அழகுச் சிகிச்சையால் பின்னால் கிருமித் தொற்று, இரத்தக்கசிவு என்று ஏதாவது வந்தாலும் அந்தச் செலவையும் பல பொலிசிகள் ஏற்பதில்லை. அப்படி இருந்தால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

குழந்தையின் பிளவுபட்ட உதட்டுக்காக யாராவது காப்புறுதி தேடினால், முதலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்கச் சொல்லுங்கள். அங்கே அந்தச் சிகிச்சை இலவசம். காப்புறுதி இல்லையே என்று பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

உங்கள் மூக்கு விஷயத்தில், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே டொக்டரின் கடிதத்தை இணைத்துக் கம்பனிக்கு எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "பிரச்சினையில்லை" என்று சொன்னது பிறகு செல்லாது. டொக்டரிடம் பொய்க் காரணம் எழுதித் தரச் சொல்லவும் வேண்டாம், கண்டுபிடித்தால் உண்மையான கிளெய்மும் போய்விடும். நியாயமான காரணம் இருந்தும் மறுத்தால் முதலில் கம்பனியிடமே மேன்முறையீடு செய்யுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன், அதாவது காப்புறுதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர் இருக்கிறார், முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை.